உயர்தர உயிரியல் பிள்ளைகளே, விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கல்முனைக் கரையோர ஊர்களில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவ மாணவியருக்கும்,

பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இருந்து வந்து இவர்களோடு ஒரே ரியூஷன் வகுப்பில் அமரும் பிள்ளைகளுக்கும்,

ஸாஹிரா, மஹ்மூத் மகளிர், அல்மனார், ஷம்ஸ், அல்-அஷ்ரக், உவெஸ்லி, கார்மேல் பற்றிமா என்று நீங்கள் எங்கே படித்தாலும் கலச்சுவாசம் என்ற பாடத்தை இதுவரை பல தடவை புரட்டியிருப்பீர்கள். கிளைக்கோப்பகுப்பின் படிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடியவர்கள் உங்களில் நிறையப் பேர். அந்தப் படிகளை நடத்தும் அதே நொதியங்கள்தான் உங்கள் மூத்தம்மாவின் தலைக்குள்ளும் வேலை செய்கின்றன. ஒரு நாள் அவர் குசினி வாசலில் விழுந்துவிட்டால், அவருடைய மூளைக் கலங்களில் அந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள். அதனால்தான் இந்த மடலை வைத்தியர்களுக்கோ பள்ளிவாசல் நிருவாகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவருக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டால் பத்து நிமிடத்தில் வளவு நிறைய ஆட்கள். ஒருவர் எண்ணெய் தேய்ப்பார். ஒருவர் சீனித் தண்ணீர் கரைப்பார். “பிரஷர் ஏறியிருக்கும், கொஞ்சம் படுக்க வச்சாச் சரியாப் போகும்” என்பார் ஒருவர். ஓதிப் பார்க்க ஆளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவாகும். எல்லாம் அன்பினால் செய்வதுதான். நீங்கள் சின்னப் பிள்ளைகள் என்பதால் கதவோரம் நிற்பீர்கள். அந்த நேரத்தில் கதவோரத்திலிருந்து முன்னால் வந்து பேச வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். பேசுவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு விடயம் தெளிவாகத் தெரிந்தால்தான் வரும். ஆகவே விடயத்துக்கு வருகிறேன்.

வளர்ந்தவரின் மூளை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு. ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் எடுக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோசை அது எரிக்கிறது. இவ்வளவு செலவழிக்கும் உறுப்பிடம் சேமிப்பு என்று சொல்ல ஏதுமில்லை. ஈரலிலும் தசையிலும் இருப்பதுபோல் கிளைக்கோசன் குவியல் அங்கே கிடையாது. நரம்புக் கலங்களுக்குத் துணையாக இருக்கும் உடுவுருக் கலங்களில் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். குருதி வந்துகொண்டே இருக்க வேண்டும். இதயம் முற்றாக நின்றால் பத்து வினாடிக்குள் நினைவு தப்பிவிடுவது இதனால்தான்.

அந்த வினாடிகளில் நொதியங்கள் என்ன செய்கின்றன என்பதை ஒழுங்காக அளந்து காட்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய ஒலிவர் லவ்றி. 1964இல் அவரும் ஜேனட் பசனோவும் சகாக்களும் சுண்டெலியின் தலையைத் துண்டித்து, சில வினாடி, அரை நிமிடம், சில நிமிடம் என்று வெவ்வேறு இடைவெளிகளில் உறையவைத்து, மூளைக்குள் என்னென்ன எஞ்சியிருக்கின்றன என்று பார்த்தார்கள். குருதி நின்றதும் முதலில் கரைவது பொஸ்போகிரியேற்றின். கிரியேற்றின் கைனேசு என்ற நொதியம் அதிலிருந்து பொசுபேற்றை எடுத்து ஏ.ரி.பீ.யை நிரப்பப் பார்க்கிறது. அந்தக் கையிருப்பு ஒரு நிமிடத்துக்குக்கூடத் தாங்காது. ஏ.ரி.பீ. குறையத் தொடங்க, ஏ.எம்.பீ. பெருகுகிறது.

உங்கள் குறிப்பில் இருக்கும் ஒரு வரியை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பொஸ்போபிரக்ரோகைனேசை ஏ.ரி.பீ. நிரோதிக்கும், ஏ.எம்.பீ. தூண்டும். லவ்றி கண்டது அந்த வரியைத்தான், உயிர் போகும் மூளைக்குள் வைத்து. அந்த நொதியம் திறந்துகொள்கிறது. அதன் பின்னால் ஹெக்சோகைனேசும் விரைகிறது. கிளைக்கோப்பகுப்பு வழமையைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஆனால் ஒரு குளுக்கோசு மூலக்கூற்றிலிருந்து முன்பு சுமார் முப்பது ஏ.ரி.பீ. கிடைத்த இடத்தில் இப்போது இரண்டுதான். குளுக்கோசும் புதிதாக வருவதில்லை. பைருவேற்று இழைமணிக்குள் போய்ப் பயனில்லை என்பதால் இலற்றேற்று டீஹைதரசனேசு அதை இலற்றேற்றாக மாற்றுகிறது. அப்படி மாற்றினால்தான் கிளைக்கோப்பகுப்புக்குத் தேவையான என்.ஏ.டீ. மீண்டும் கிடைக்கும். கலம் அமிலமாகிறது. அமிலமானதும் பொஸ்போபிரக்ரோகைனேசே தளர்ந்துவிடுகிறது.

இழைமணிக்குள் நடப்பது இதைவிட வேதனையானது. இலத்திரன் கடத்தும் சங்கிலியின் கடைசியில் ஒட்சிசனை வாங்கும் சைற்றோகுரோம் ஒட்சிடேசு வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றுவிடுகிறது. சங்கிலி முழுவதும் முடங்குகிறது. அப்போது ஏ.ரி.பீ. உண்டாக்கும் நொதியம், ஆம், ஏ.ரி.பீ. சின்தேசு, எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகிறது. மென்சவ்வின் மின்னழுத்தத்தைக் காப்பாற்றுவதற்காக, எஞ்சிய ஏ.ரி.பீ.யை அதுவே உடைக்கிறது. இதைத் தடுப்பதற்கென்று ஒரு சிறு புரதமும் இழைமணியில் இருக்கிறது. அமிலத்தன்மை கூடும்போது அது போய் அந்த நொதியத்தில் ஒட்டிக்கொண்டு சுழற்சியை மட்டுப்படுத்தும். இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு ஒரு கலத்துக்குள் இருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு தடவை படிப்பிக்கும்போதும் நெஞ்சு நிறையும். ஆனாலும் அந்த ஏற்பாடு வாங்கித் தருவது சில நிமிடங்களை மட்டுமே.

இனிச் சோடியம் பொற்றாசியம் பம்பி. இந்த நொதியத்தை 1957இல் கண்டறிந்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ. அவர் அதைக் கண்டது கடற்கரை நண்டின் கால் நரம்பில். மீனவர் ஒருவரிடமிருந்து நண்டுகளை வரவழைத்து, அவற்றின் நரம்புகளை எடுத்து அரைத்து ஆராய்ந்தார். அதற்காக 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் ஒருவரின் பிள்ளை உங்களில் இருந்தால், அந்தக் காலுக்குள் ஒரு நோபல் பரிசு இருந்தது என்று வாப்பாவிடம் சொல்லுங்கள்.

மூளையின் சக்திச் செலவில் பாதி அளவை இந்தப் பம்பியே எடுத்துக்கொள்கிறது. ஒழுகும் தோணியில் ஒருவர் ஓயாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பது போன்ற வேலை அது. சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், பம்பி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஏ.ரி.பீ. இல்லையென்றால் இறைப்பு நிற்கிறது. சோடியம் உள்ளே பெருகுகிறது, அதன் பின்னால் நீரும் புகுந்து கலம் வீங்குகிறது. மென்சவ்வின் மின்னழுத்தம் சரிந்ததும் நரம்பு முனைகள் தம்மிடமிருந்த குளுத்தமேற்றை எல்லாம் கொட்டிவிடுகின்றன. குளுத்தமேற்று அடுத்த கலத்தின் கதவைத் திறக்க, அங்கே கல்சியம் புகுகிறது. ஒரு கலம் இப்படிப் பக்கத்துக் கலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. அளவுக்கு மிஞ்சிய தூண்டலே நரம்புக் கலத்தைக் கொல்லும் என்பதை 1969இல் ஜோன் ஓல்னி என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார்.

கலத்துக்கு வெளியே இருப்பதில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கல்சியம்தான் சாதாரணமாக உள்ளே இருக்கும். அது வெள்ளமாகப் புகுந்ததும் பல நொதியங்கள் ஒரேயடியாக விழித்துக்கொள்கின்றன. கல்பெயின் கலத்தின் உட்சட்டப் புரதங்களை வெட்டுகிறது. பொஸ்போலைப்பேசு மென்சவ்வின் கொழுப்பை அரிக்கிறது. நைத்திரிக்கொட்சைட்டு உண்டாக்கும் நொதியம் அளவு தெரியாமல் அதை உண்டாக்குகிறது. டீ.என்.ஏ. சிதையச் சிதைய, அதைத் திருத்தப் புறப்படும் பார்ப் என்ற நொதியம் மிஞ்சியிருந்த என்.ஏ.டீ.யையும் தீர்த்துவிடுகிறது. பிள்ளைகளே, இவற்றில் எதுவும் கெட்ட நொதியம் அல்ல. நீங்கள் நேற்றுப் படித்தது இன்று நினைவில் நிற்பதற்கும் இதே கல்சியமும் இதே நொதியங்களில் சிலவும்தான் துணை. சக்தி இருக்கும்வரை இவை அடக்கமாக வேலை செய்தன. அடக்கிவைத்த சக்தி போய்விட்டது.

கலம் தன்னளவில் உதவி தேடாமலும் இல்லை. ஒட்சிசன் குறைந்ததை உணர்வதற்கென்றே சில நொதியங்கள் உண்டு. ஒட்சிசன் இருக்கும்போது அவை ஹிஃப் என்ற புரதத்தில் ஒரு குறியை இட்டு அதை அழிக்கச் செய்யும். ஒட்சிசன் இல்லாவிட்டால் குறி விழாது, ஹிஃப் தங்கிவிடும், புதுக் குருதிக்குழாய்க்கும் கூடுதல் குளுக்கோசுக்கும் வேண்டிய பரம்பரை அலகுகளை அது எழுப்பும். செமென்சா, ரற்கிளிஃப், கேலின் என்ற ஆய்வாளர்கள் மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பாதையைக் கண்டதற்காக. ஆனால் அந்த உதவி வந்துசேர மணிக்கணக்காகும். அழிவோ நிமிடக்கணக்கில் நடக்கிறது.

வாய் கோணிக் கை விழும் பாரிசவாதத்தில், மூளைக்குப் போகும் குருதிக்குழாய் ஒன்று அடைபடும்போது மூளை முழுவதும் ஒரே நேரத்தில் மடிவதில்லை. இந்த இடத்தில் நின்று வாசியுங்கள், மடலில் மிக முக்கியமானது இதுதான். வழமையாக 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் அளவில் குருதி ஓடுகிறது. அது 20க்குக் கீழே போனால் நரம்புக் கலம் பேசுவதை நிறுத்துகிறது. 10 அளவுக்கு இறங்கினால்தான் பம்பி நிற்கிறது. அடைப்பின் நடுவில் உள்ள கலங்கள் சில நிமிடங்களில் போய்விடுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கலங்கள் பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்சக் குருதியில், பேச்சை நிறுத்திக்கொண்டு, பம்பியை மட்டும் ஓட்டிக்கொண்டு பல மணி நேரம் உயிரோடு காத்திருக்கின்றன. உங்கள் மூத்தாப்பாவின் விழுந்த கையில் ஒரு பகுதி இந்தச் சுற்றுவட்டத்துக்கு உரியது. கை அசையவில்லை என்பதால் கலம் செத்துவிட்டது என்று பொருளல்ல. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற ஆய்வாளர் 2006இல் கணக்கிட்டார். போன் பேசி முடிவெடுக்கும் அரைமணி நேரத்தை அந்த எண்ணால் பெருக்கிப் பாருங்கள்.

அடைப்பைக் கரைக்கும் மருந்தும் ஒரு நொதியம்தான். பிளாசுமினோசனை வெட்டிப் பிளாசுமினாக்கும் நொதியம் அது; பிளாசுமின் இரத்தக் கட்டியின் பைபிரினைக் கரைக்கும். வாய் கோணிய மூன்று மணி நேரத்துக்குள் அதை ஊசியாக ஏற்றினால் பலன் உண்டு என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. முன்னதாகச் சி.டி. ஸ்கான் எடுத்தாக வேண்டும். ஏனென்றால் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் வாய் இதே மாதிரித்தான் கோணும். அப்படிக் கசிந்தவருக்கு இந்த ஊசியைப் போட்டால் ஆபத்து. வீட்டிலே அஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு வந்தது?” என்பது. விழுந்ததைக் கண்ட நேரம் வேறு, கடைசியாக அவரை நல்லபடியாகக் கண்ட நேரம் வேறு. சுபஹுக்கு எழுப்பப் போனபோது கை விழுந்திருந்தால், இரவு படுக்கப் போன நேரத்திலிருந்துதான் கணக்குத் தொடங்கும். கடைசியாக நல்லபடியாகக் கண்ட அந்த நேரத்தை ஒரு தாளிலோ போனிலோ குறித்துக்கொள்ளும் பிள்ளை, அங்கே நிற்கும் பத்துப் பெரியவர்களைவிட அவருக்கு உதவி செய்கிறது.

இப்போது சீனித் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் எங்கள் ஊர் மிகவும் தடுமாறுகிறது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவருக்கோ, கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கோ குருதியில் குளுக்கோசு மிகவும் இறங்கினால், நாக்குக் குழறும், ஆள் தடுமாறுவார், சில வேளை ஒரு பக்கம் வலுவிழந்து பாரிசவாதம் போலவே தோன்றும். ஆனால் கலத்துக்குள் நிலைமை வேறு. ஒட்சிசன் இருக்கிறது, எரிபொருள் இல்லை. இலற்றேற்று பெருகுவதில்லை, கலம் அமிலமாவதுமில்லை. நொதியங்கள் கலத்தின் சொந்த அமினோவமிலங்களையே எடுத்து எரிக்கின்றன, குளுத்தமேற்று அசுபாட்டேற்றாகிறது. மூளையின் மின் அலை முற்றாக அடங்கும் அளவுக்கு குளுக்கோசு இறங்கிய பிறகே கலங்கள் மடியத் தொடங்குகின்றன என்று ரோலண்ட் ஔவர் என்பவரின் எலி ஆய்வுகள் காட்டின. அதற்கு முன் சீனி கிடைத்துவிட்டால் பெரும்பாலும் ஆள் சில நிமிடங்களில் பழையபடி பேசுவார்.

ஆகவே சீனி இறங்கியவருக்குச் சீனி உயிர். அடைப்பு வந்தவருக்கோ அதே சீனி கேடு செய்யலாம். 1977இல் மையர்ஸ், யமகுச்சி என்ற ஆய்வாளர்கள் குரங்குகளில் கண்டது இது: இதயத்தை நிறுத்துவதற்கு முன் குளுக்கோசு ஏற்றப்பட்டவை கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. ஒட்சிசனில்லாத மூளையில் குளுக்கோசு கூடினால் இலற்றிக்கமிலமும் கூடும்; நீங்கள் படித்த அதே சமன்பாடுதான். அதோடு, வாய் கோணியவருக்கு விழுங்குவது சரியாக வராமல் போகலாம். அப்போது ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். ஓதிய தண்ணீரும் அப்படித்தான் போகும். ஓதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வாகனத்தில் பக்கத்தில் இருந்து ஓதுங்கள், வாயில் மட்டும் ஊற்றாதீர்கள்.

எங்கள் வீடுகளில் சீனி பார்க்கும் சின்ன மெஷின் பல இடங்களில் இருக்கிறது. பற்றரி இல்லாமல் லாச்சிக்குள் கிடக்கும். அதை எடுத்து ஒழுங்குபண்ணுவது உங்கள் வேலை. ஒருவர் தடுமாறினால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். குளுக்கோசு 70க்குக் கீழே (mg/dL) இருந்து, ஆள் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி கொடுங்கள். மெஷின் இல்லை, ஆனால் மேலே சொன்ன மருந்து எடுப்பவர், தெளிவாக விழித்திருக்கிறார், விழுங்குகிறார் என்றாலும் கொடுக்கலாம். நினைவு மங்கினால் வாயால் எதுவும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அந்த அம்பியுலன்ஸுக்குக் காசில்லை. மாத்திரையால் சீனி இறங்கியவர் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். அந்த மாத்திரையின் வேலை மணிக்கணக்காக நீளும். அன்று இரவே திரும்பவும் இறங்கக்கூடும்.

நோன்பு காலத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. சுகமான ஒருவரின் மூளை நோன்பினால் பட்டினி கிடப்பதில்லை. ஈரல் கிளைக்கோசனை உடைத்தும் புதிதாக ஆக்கியும் பகல் முழுவதும் குளுக்கோசை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிக்கல் மேலே சொன்ன மருந்துகளில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு மூத்தாப்பா பேச்சு மாறி, வேர்த்து, கோபப்பட்டால் “நோன்புக் களைப்பு, மஃரிப் வரட்டும்” என்று விடுவோம். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே உலமாக்கள் சொல்கிறார்கள். 70க்குக் கீழே இருந்தால் அந்த நிமிடமே நோன்பைத் திறக்க வேண்டும் என்பது வைத்திய வழிகாட்டல். நோயாளிக்கான சலுகை சூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் இருப்பதைப் பெரியவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, நினைவுபடுத்தினால் போதும். றமழானுக்கு முன்பே மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது இன்னும் நல்லது.

நீரில் மூழ்கியவரின் மூளைக்கும் ஒட்சிசன் நின்றுவிடும் என்பதால் அதையும் சொல்லிவைக்கிறேன். நொதியத் தாக்கவீதத்தை வெப்பநிலையோடு வரையும் வரைபு உங்களுக்கு மனப்பாடம். 1999 மே மாதம் நோர்வேயில் ஆனா பாகென்ஹோல்ம் என்ற வைத்தியர் பனிச்சறுக்கும்போது ஓடையொன்றில் விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் அகப்பட்டிருந்தார். உடல் வெப்பநிலை 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது. அவர் பிழைத்து மீண்டும் வைத்தியரானார். குளிரில் நொதியங்கள் எல்லாம் தளர்ந்து, மூளையின் தேவை சுருங்கிவிட்டதுதான் காரணம். எங்கள் கடலுக்கு அந்தக் குளிர் இல்லை. மருதமுனையிலோ ஒலுவிலிலோ மூழ்கிய ஒரு பிள்ளையின் மூளை 28 பாகை வெதுவெதுப்பான நீரில் முழு வேகத்தில் செலவழித்துக்கொண்டுதான் இருக்கும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் நேரம் போக்காமல் மூச்சு ஊதுவதை உடனே தொடங்க வேண்டும். பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். இதைக் கையால் செய்து பழகாமல் தாளில் படித்துப் பயனில்லை. உங்கள் பாடசாலையில் சென் ஜோன் முதலுதவிப் படையோ செஞ்சிலுவைச் சங்கமோ நடத்தும் பயிற்சி வந்தால், அன்று ரியூஷனை விட்டுவிட்டுப் போங்கள். ரியூஷன் ஆசிரியனான நானே சொல்கிறேன்.

பரீட்சைக்கு முன் ஒரு சனிக்கிழமையை எனக்காக ஒதுக்குங்கள். வீட்டில் யார் யார் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்று பெட்டியைப் பார்த்து எழுதுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வாஃபரின் எடுப்பவர் இருந்தால் அதைக் கோடிட்டு எழுதுங்கள், கட்டி கரைக்கும் அந்த ஊசியைப் போடலாமா என்பது அதில் தங்கியிருக்கிறது. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு, நிந்தவூர், அக்கரைப்பற்று, அம்பாறை, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை என்று சுற்றிவர இருப்பவற்றில் இன்றைய நிலையில் இரவிலும் சி.டி. எடுக்கக்கூடியது எது, கட்டி கரைக்கும் ஊசி போடுவது எது என்று நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து, சீருடையோடு, மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். பதிலை எழுதி, 1990 என்ற இலக்கத்தையும் சேர்த்து, உங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்திலும் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பக் கேட்டுத் திருத்துங்கள், ஏனென்றால் அந்தப் பதில் மாறக்கூடியது.

வஸ்ஸலாம்.

உங்கள் ஊர்க் கரையில் உயிரியல் படிப்பிக்கும் ஒருவன்